செம்பு கிடைச்சிட்டுது

மகன் அப்படியொன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை.

"அம்மா, பொன்னுருக்கலுக்கு அப்பான்ர கோல்ட் கொஞ்சம் போட ஏலுமா?"

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அவன் பிரிட்ஜில் சாய்ந்து நின்று வாழைப்பழம் ஒன்றை உரித்துக்கொண்டே கேட்டான். பொன்னுருக்கல் என்பது எங்கள் யாழ்ப்பாணத்துக் கல்யாணங்களில் தாலிக்கான தங்கத்தை உருக்குகிற சடங்கு. கல்யாணத்துக்குச் சில நாள் முன்னதாக, நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் பொற்கொல்லரான ஆசாரியார் வந்து எல்லார் முன்னாலும் ஒரு பொற்காசை உருக்குவார். லண்டனுக்கு வந்த பிறகும் அதை நாங்கள் விடவில்லை. கரியும் ஊதுகுழலும் போய் காஸ் டோர்ச் வந்திருக்கிறது, புகை அலாரத்துக்குக் குளியல் தொப்பி மாட்டி மூடவேண்டியிருக்கிறது. மற்றபடி எல்லாம் அதேதான்.

அப்பாவின் கோல்ட் என்று அவன் சொன்னது நகையை அல்ல. அவனுடைய அப்பா ஒரு தங்கச் சுரங்கத்தைக் கண்டுபிடித்தவர். சரியாகச் சொன்னால் தங்கமும் செம்பும் சேர்ந்த சுரங்கம். தென் அமெரிக்காவில், ஆண்டீஸ் மலையின் மழை காணாத பக்கத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் அங்கேயே செத்தும் போனார். சுரங்கம் இப்போது வேலை செய்கிறது. அந்த மலையிலிருந்து ஒரு பொட்டுத் தங்கமாவது தாலிக்குள் இருக்கவேண்டும், அப்பா வரமுடியாத கல்யாணத்துக்கு அதுவாவது வரவேண்டும் என்பது மகனின் எண்ணம்.

"ஓம், கேட்டுப் பாக்கிறன்" என்றேன்.

கிடைக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அப்பா போன பிறகு அவரைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அதுதான். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. மிச்ச வெங்காயத்தையும் அரிந்து முடித்தேன்.

நான் ரெய்னர்ஸ் லேனில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். ஊசி போட்டுக்கொண்டு ஒரு பக்கம் கோணிய வாயோடு வெளியே வருகிறவர்களிடம், "விறைப்பு விடும்வரைக்கும் சூடாக ஒன்றும் குடிக்கவேண்டாம், கன்னத்தைக் கடித்துவிடுவீர்கள்" என்று சொல்வது என் வேலைகளில் ஒன்று. விறைப்பு எப்போது விடும் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். என்னுடைய விறைப்புக்கு மட்டும் பதில் இருக்கவில்லை.

அது தொடங்கியது ஒரு மத்தியானம். மலையில் அப்போது விடிகிற நேரம். அங்கே காம்பில், அவர்கள் தங்குகிற முகாமில், அவர் நித்திரையிலேயே போய்விட்டார் என்று சொல்ல, அவரோடு வேலை செய்கிற ஒருவர் ஃபோன் எடுத்தார். சொல்லிவிட்டு அந்த மனிதர் அழுதார். நான், "அவர் நேற்று இரவு சாப்பிட்டாரா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பரவாயில்லை என்று சொல்லி, நன்றியும் சொல்லி வைத்தேன். பிறகு போய் ரைஸ் குக்கரின் சுவிட்சை அணைத்தேன். இரண்டு பேருக்கான சோறு இருந்தது, மகனுக்கும் எனக்கும். அவருக்கு நான் எப்போதுமே அளந்து போட்டதில்லை, அவர் பெரும்பாலும் மலையில்தான் இருந்தார்.

உடல் வந்து சேர்ந்து செத்தவீடு நடந்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. வட லண்டன் எட்மண்டனில் இருந்து வந்த மச்சாள், அவருடைய அக்கா, என் பங்குக்கும் சேர்த்து அழுதார். "கல்லு மாதிரி நிக்கிறாள்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கல்லைப் படித்தவரின் பெண்சாதிக்கு அது பொருத்தம்தான். அவர் இருந்திருந்தால் எந்த வகைக் கல் என்று கேட்டிருப்பார்.

அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தது நிலத்தையும் கல்லையும் பற்றி. லண்டனுக்கு அகதியாக வந்து வேலை செய்தது பெற்றோல் ஷெட்டில். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் ஒரு மேல்படிப்பும் படித்தார். அதன் முடிவில், லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் சின்னக் கம்பெனி ஒன்று அவரை எடுத்தது. தங்கம் தேடுகிற கம்பெனி. எங்கள் ஆட்களுக்கு அது விளங்கவேயில்லை. கோயிலில் கண்டால், "என்ன அண்ணை, இன்னும் ஒண்டும் ஆம்பிடேல்லையோ?" என்று கேட்பார்கள். அவரும் சளைக்காமல், "ஆம்பிட்டா உனக்குச் சொல்லாமலே இருப்பன்" என்பார். அது உண்மைதான், சொல்ல அனுமதியும் இல்லை.

அவர் முதன்முதலாக மலைக்குப் புறப்பட்டபோது, அப்போது உயிரோடிருந்த மாமி, அவருடைய அம்மா, தன்னுடைய செம்பை எடுத்துக் கொடுத்தார். "கண்ட தண்ணியையும் குடியாதை. இதுக்குள்ள விட்டு வைச்சுக் குடி." செம்பால் செய்த தண்ணீர்ச் செம்பு அது. ஊரிலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து லண்டனுக்கும் மாமியோடு கூடவே வந்தது. அதன் கழுத்தில் மாமியின் எழுத்து இருந்தது: சி. ப. எங்கள் பக்கத்தில் வீட்டுப் பாத்திரங்களில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பெயரெழுத்து வெட்டுவார்கள். கல்யாண வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் வீடு திரும்ப வேறு வழி கிடையாது. அந்தச் செம்பு தனக்கு வரவேண்டியது என்பது மச்சாளின் கட்சி. "அவன் துலைச்சுப்போட்டு வருவான், பாரும்" என்று என்னிடம் சொன்னார்.

துலைக்கத்தான் செய்தார். மலையில் காம்பை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றியபோது செம்பைக் காணவில்லை. சற்றலைட் ஃபோனில் அதைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மாமிக்கும் மச்சாளுக்கும் முகம் கொடுக்கவேண்டியவள் நான் அல்லவா? "போய்த் தேடுங்கோ. செம்பில்லாமல் இஞ்சால வரவேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் ஒழுங்கான தொடர்பு இல்லை. பிறகு ஒருநாள், நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்ற நேரம், ஃபோன் அடித்தது. கடல் இரைவது போல ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து அவருடைய குரல்.

"இஞ்சரும், செம்பு கிடைச்சிட்டுது!"

"நல்லதாப் போச்சு" என்றேன்.

"நிறையக் கிடக்கு! செம்பு நிறையக் கிடக்கு!"

செம்பு நிறைய என்ன கிடக்கிறது, தண்ணீரா மண்ணா என்று எனக்கு விளங்கவில்லை.

"சரி, கழுவி வையுங்கோ. இனித் துலைச்சுப் போடாதேங்கோ."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். அந்த உயரத்தில் சிரித்தால் மூச்சு வாங்கும் என்று சொல்வார், ஆனாலும் நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் என்ன என்று கேட்பதும், அவர் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த முயல்வதும், முடியாமல் மறுபடி சிரிப்பதும் கேட்டது. அவர் சொன்னது மலைக்குள் கிடந்த செம்பை. காம்புக்கு வெளியே உலகத்தில் இன்னொருவருக்கும் தெரியாத செய்தியை, தெரியப்படுத்தக்கூடாத செய்தியை, அந்த மனிதர் முதலில் எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் அதைக் கழுவி வைக்கச் சொன்னேன்.

அந்தக் கதையை அவர் போன இடமெல்லாம் சொன்னார். பிறந்தநாள் விழா, சாமத்தியவீடு, விம்பிள்டன் கோயில் தேர், எங்கே நாலு பேர் கூடினாலும் சொன்னார். முடிக்கும்போது என் பக்கம் கையைக் காட்டி, "இவ ஏசாட்டி அந்தச் சுரங்கமே இல்லை. செம்பைத் தேடு எண்டா, நான் தேடிப் போனன், கிடைச்சுது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். கதைக்கு வால் ஒட்டுவது அவருடைய பழக்கம் என்பதால் நானும் அதைப் பகிடியாகவே எடுத்துக்கொண்டேன்.

அங்கே உண்மையில் என்ன நடந்தது என்பதை அவர் எனக்குச் சமையலறை மேசையில் வைத்து விளக்கினார். கம்பெனி தேடியது தங்கத்தை. ஒரு மேட்டில் துளைபோட்டுத் துளைபோட்டுப் பார்த்து ஒன்றும் சரிவராமல் மூட்டைகட்டுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் இவர் கீழே ஒரு பள்ளத்தில், பாறையில் பச்சைக் கறை படிந்திருப்பதைக் கண்டார். செம்பு வெளியே கசிந்தால் பச்சையாகத்தான் கசியும். அந்த இடத்தில் ஆழமாக ஒரு துளை போடவேண்டும் என்று லண்டன் அலுவலகத்தோடு சண்டை பிடித்தார். கடைசித் துளை என்று சொல்லி அனுமதி கொடுத்தார்கள். அது செம்புக்குள் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. அந்தச் செம்போடு சேர்ந்து தங்கமும் இருந்தது. மாமியின் செம்பு மட்டும் கிடைக்கவேயில்லை.

"அப்ப தங்கத்தைக் கண்ணால கண்டியளோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"கையில எடுத்துப் பாக்கேல்லையோ?"

"இஞ்ச பாரும்" என்று, அன்றைக்கு அவித்த புட்டில் கொஞ்சம் எடுத்து என் கையில் வைத்தார். "இதுக்குள்ள உப்புப் போட்டனீர்தானே? காட்டும் பாப்பம்."

அப்படித்தான் அந்தத் தங்கமும் இருந்தது. கல்லை மாவாக அரைத்து, தண்ணீரில் விட்டு நுரைக்கப் பண்ணி, சோறு கொதிக்கும்போது நுரையை அள்ளுவது போல மேலே வருகிறதை அள்ளினால் ஒரு கறுத்த தூள் வரும். அதுதான் சுரங்கத்தின் விளைச்சல். செம்பும் தங்கமும் அதற்குள்ளேயே. அதைக் குழாயில் கடற்கரைக்கு விட்டு, கப்பலில் ஏற்றி, வேறொரு நாட்டில் உருக்கிப் பிரிப்பார்கள். அந்தத் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிற ஒருவரும் தங்கத்தைப் பார்ப்பதில்லை. இதை நான் கோயிலில் சொன்னால் நம்ப ஆளில்லை. ஒளிக்கிறேன் என்றுதான் நினைத்தார்கள்.

கண்டுபிடித்த அடுத்த வருடமே தோண்டத் தொடங்கிவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். மகன் ஆரம்பப் பள்ளியில் இருந்தான். அவன் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவர்கள் தோண்டத் தயாராகிக்கொண்டுதான் இருந்தார்கள். துளை, அதற்குப் பக்கத்தில் துளை, அதற்கும் பக்கத்தில் துளை. சின்னக் கம்பெனியைப் பெரிய கம்பெனி வாங்கியது. மலையில் ஆடு மேய்க்கிற குடும்பங்களோடு தண்ணீர் பற்றிய பேச்சு நடந்தது, உடைந்தது, மறுபடி நடந்தது. அதில் அவர் அந்தக் குடும்பங்களின் பக்கம் கதைத்து லண்டனிடம் ஏச்சு வாங்கினார். இடம்பெயர்ந்து வந்தவனுக்கு ஒரு கிணற்றின் அருமை தெரியும் என்று மட்டும் என்னிடம் சொன்னார். பிறகு ரோட்டு, ரோட்டுக்குப் பிறகு காம்ப், காம்புக்குப் பிறகு ஆலை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மலை. அப்பா மலைக்குப் போயிட்டார், அப்பா மலையால வாறார். மகனுடைய பள்ளிக்கூட நாடகங்களில் ஒன்றைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை. அதற்காக அவரிடம் சண்டை பிடித்தேன். ஆலை பாதி எழும்பியிருந்த வருடம் அவர் செத்தார். சண்டை பாதியிலேயே நின்றுவிட்டது.

முதல் கப்பல் புறப்பட்ட அன்று கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு படம் அனுப்பினார்கள். ஒரு துறைமுகம், ஒரு கப்பல், தொப்பி போட்ட ஆட்கள். அவர் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார் என்று எழுதியிருந்தார்கள். கிளினிக்கில் மத்தியான இடைவேளையில் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

இப்போது மகன் கேட்டதற்காக அந்தக் கம்பெனிக்கு நானே ஃபோன் எடுத்தேன். ஒரு இளம்பெண் பேசினாள். தாலி, உருக்கல் என்று நான் விளங்கப்படுத்தியதை மிகப் பொறுமையாகக் கேட்டாள். மன்னிக்கவேண்டும், எங்களிடம் தங்கம் இருப்பதேயில்லை என்றாள். தெரியும் என்றேன். தெரிந்தும் ஏன் கேட்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. அலுவலகத்துக்கு ஒருநாள் வாருங்கள், செம்பு கண்ட அந்தத் துளையின் கல்லில் ஒரு துண்டு தருகிறோம் என்றாள்.

சனங்களுக்குக் கல்லைக் காட்டித் தங்கம் என்று சொல்லலாம், மகனுக்குச் சொல்ல முடியாது. என்றாலும் வெறுங்கையோடு இருப்பதைவிட அது பரவாயில்லை என்று நினைத்து, மெட்ரோபொலிட்டன் லைனில் ஏறிப் போனேன்.

இது பழைய மேல்மாடி இல்லை. கண்ணாடிக் கட்டடம், வாசலில் அட்டை காட்டினால்தான் கதவு திறக்கும். வரவேற்பறையில் ஒரு பெரிய கண்ணாடி அலுமாரி இருந்தது. அந்தப் பெண் வரும்வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீள நீளமான உருளைக் கற்கள், மஞ்சளாக மினுங்குகிற புள்ளிகளோடு. அந்த மினுக்கம் தங்கமில்லை என்று அவர் சொல்லித்தந்திருக்கிறார். பிறகு மலையின் படம். அதில் மலைக்கு இப்போது தலை இல்லை, படிப்படியாக இறங்குகிற ஒரு குழி இருந்தது. கீழ்த்தட்டில், தனியாக ஒரு சின்ன விளக்கின் கீழே, பச்சை பிடித்த ஒரு செம்பு.

நான் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் ஒரு அட்டை. சுரங்கம் வெட்டுமுன், அவர் செத்த அடுத்த வருடம் நடந்த தொல்பொருள் ஆய்வில், கண்டுபிடிப்பு நடந்த பள்ளத்தின் அடியில் கிடைத்ததாம். அந்த மலைவாசிகளின் பழைய செப்பு வேலையாக இருக்கலாமாம். கழுத்தில் புள்ளி அலங்காரம் உண்டாம். அதில் ஒரு வடிவம், இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் தட்டையானது, பள்ளத்தாக்கைக் குறிக்கக்கூடுமாம்.

நான் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். அது ப. மாமியின் பெயரின் முதலெழுத்து.

அந்தப் பெண் கையில் கல்லோடு வந்து என் பெயரைச் சொன்னாள். நான் அலுமாரியைக் காட்டி, "அது என் மாமியாருடைய தண்ணீர்ச் செம்பு" என்றேன். அவள் சிரித்தாள், பகிடி என்று நினைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அது அந்த நாட்டின் பாரம்பரியப் பொருள், நிபுணர்கள் பார்த்திருக்கிறார்கள், இப்படித் திடீரென்று ஒன்றும் செய்ய முடியாது, யாரிடமாவது கேட்கவேண்டும் என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. காது சூடாகிற கோபம். அவர் செத்த நாளிலிருந்து எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான், அதனால் அது என்னவென்றே முதலில் பிடிபடவில்லை.

"அதைத் திருப்பிப் பாருங்கள்" என்றேன். என் ஆங்கிலம் எனக்கே புதிதாகக் கேட்டது. "அடியில் ஒரு ஓட்டை அடைத்து ஈயம் பற்றவைத்திருக்கும். அதற்குப் பக்கத்தில் இதே எழுத்து இன்னொரு தரம் வெட்டியிருக்கும். முதல் தரம் வெட்டினவர் கோணலாக வெட்டினார் என்று மாமி இரண்டாம் தரமும் வெட்டுவித்தவர். உங்கள் நிபுணர்களுக்குப் பள்ளத்தாக்கு வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேடட்டும்."

என் சத்தத்துக்கு உள்ளே இருந்து ஒருவர் வெளியே வந்தார். வெயிலில் வெந்த முகம், நரைத்த தாடி. என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். செத்தவீட்டுக்கு வந்தவர். அன்றைக்கு ஃபோனில் அழுத மனிதர் அவர்தான். அந்தப் பெண் நடந்ததைச் சொன்னாள். அவர் அலுமாரிக்கு முன்னால் முழங்காலிட்டுச் செம்பைப் பார்த்தார்.

"தினமும் இதைக் கடந்துதான் போகிறேன்" என்றார். "ஒருநாளும் பார்த்ததில்லை."

கண்ணாடியைத் திறந்து செம்பைத் திருப்பினார். அடியில் ஈயம் இருந்தது. பக்கத்தில் எழுத்தும் இருந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் சொல்கிறாரா அந்தப் பெண்ணிடம் சொல்கிறாரா என்று தெரியாத மாதிரிச் சொன்னார். அந்தப் பள்ளத்துக்குள் அவர்களுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. வரைபடத்தில் அது தேடி முடித்த இடம். என் கணவர் ஓய்வு நாட்களில் தனியாக அதற்குள் இறங்கிப்போவார். எதற்கு என்று கேட்டால், மனைவியின் கட்டளை, ஒரு பாத்திரம் தேடுகிறேன் என்பார். காம்ப் மாறும்போது கோவேறு கழுதையின் முதுகிலிருந்து அந்தப் பக்கம் உருண்டிருக்கும் என்பது அவருடைய கணக்கு. அப்படித் தேடிப்போன ஒருநாள்தான் பச்சைக் கறை படிந்த ஒரு துண்டுக் கல்லோடு ஏறி வந்தாராம்.

"பாத்திரம் கிடைத்ததா என்று கேட்டேன்" என்றார் அந்த மனிதர். "இல்லை, ஆனால் அதே பெயருடைய இன்னொன்று கிடைத்திருக்கிறது என்றார். எனக்கு அது இன்றுவரை விளங்கவில்லை."

எனக்கு விளங்கியது. ஆனால் அந்த வரவேற்பறையில் நின்று அதை ஆங்கிலத்தில் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் இத்தனை வருடமும் ஊர் முழுக்கச் சொன்னது பகிடி இல்லை. நான் ஏசினேன், அவர் தேடிப் போனார். தலைக்குமேல் கல்லில் பச்சையைக் கண்டு அண்ணாந்து நின்றிருப்பார், காலடியில் செம்பு கிடந்திருக்கும்.

அந்த மனிதர் வேறு யாரிடமும் கேட்கவில்லை. அட்டையை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். செம்பை ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் தந்தார். இந்த மினுங்குகிற கல்லும் வேண்டுமா என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

வீட்டில் மகனிடம் பையைக் கொடுத்தேன். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"கோல்ட் இல்லையா?"

"இல்லை. செம்பு."

அவன் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. "நோ வே, அம்மா" என்றான். பிறகு பையோடு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் அழுகிற சத்தம் கேட்டது. நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்ததோடு சரி, மற்றது இன்னும் வரவில்லை.

பொன்னுருக்கல் அன்று மச்சாள் காலையிலேயே எட்மண்டனில் இருந்து வந்து வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். முன்னறையில் கோலம், குத்துவிளக்கு, தட்டத்தில் வெற்றிலை பாக்கு. பெண் வீட்டார் வந்து இருந்தார்கள். ஆசாரியார் தன் டோர்ச்சையும் பொன் உருக்குகிற சின்ன மண்சட்டியையும் எடுத்து வைத்தார். மகன் வேட்டி கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, புகை அலாரத்துக்குக் குளியல் தொப்பி மாட்டினான். நான் சமையலறையில் நின்றேன். புருஷன் இல்லாதவள் இந்தச் சடங்கில் முன்னுக்கு நிற்பதில்லை. அப்படி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பால் காய்ச்சுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், கன்னத்தைக் கடித்தால்கூடத் தெரியாத நிலையில் இருந்தேன்.

மச்சாள் கும்பம் வைக்கப் பாத்திரம் தேடி உள்ளே வந்தார். மேசையில் நான் செம்பை வைத்திருந்தேன். அவர் செம்பின் கழுத்தைத் தடவி எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பழப்புளியையும் உப்பையும் எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். பாதி தேய்க்கும்போதுதான் கேட்டார்.

"எங்கை இருந்தது?"

"மலையில. அவர் தேடின இடத்திலதான். அந்தச் சுரங்கம் இருக்கிற பள்ளத்துக்குள்ள."

"அப்ப அவன் சொன்னது..."

"ஓம் மச்சாள். சும்மா சொல்லேல்லை."

மச்சாள் தேய்த்துக்கொண்டே இருந்தார். மலையின் பச்சை எங்கள் சிங்குக்குள் ஓடிப்போனது. நிறுத்துங்கோ என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் செம்பு சிவந்துவிட்டது. எழுத்துப் புள்ளிகளுக்குள் மட்டும் பச்சை விடவில்லை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மச்சாள் மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டு செம்பை என்னிடம் நீட்டினார்.

"தண்ணியை நீரே விடும்."

"நானோ? நான் விடக்கூடாது, மச்சாள்."

"ஆர் சொன்னது? அம்மான்ர செம்பு. நான் சொல்லுறன். அவன் இதைத் தேடி ஆருக்காக அலைஞ்சவன்? செம்பு நிறைய விடும். விட்டு நீரே கொண்டுவந்து முன்னுக்கு வையும். ஆர் என்ன சொல்லுகினம் எண்டு பாப்பம்."

செம்பு நிறைய.

பைப்பைத் திறந்தேன். லண்டன் தண்ணீர், குளிர்காலத்துக் குளிர். அது செம்புக்குள் விழுகிற சத்தம் முதலில் வெறுமையாகக் கேட்டு, பிறகு கனத்து, பிறகு விளிம்பால் வழிந்து என் விரல்களில் விழுந்தது. விரல் வலித்தது. அப்படியொரு குளிரை இத்தனை காலம் நான் தொட்டுப் பார்க்கவில்லையா என்றிருந்தது. கடல் இரைவது போல ஒரு சத்தமும், அதற்குள் மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிற ஒரு குரலும் காதுக்குள் வந்தன. பிறகு நான் அழத் தொடங்கினேன். மச்சாள் முதுகைத் தடவினார், நிறுத்தச் சொல்லவில்லை. முன்னறையில் ஆசாரியார், நேரம் போகுது, கும்பம் எங்கே என்று கேட்டார்.

முகத்தைத் துடைக்காமலே செம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். பெண் வீட்டார் ஒதுங்கி வழி விட்டார்கள். மகனுக்கு முன்னால், விளக்கின் பக்கத்தில் அதை வைத்தேன். எழுத்து இருந்த பக்கத்தை அவனுக்குத் தெரிகிற மாதிரித் திருப்பிவிட்டேன்.

"நல்லதாப் போச்சு" என்றேன். எல்லாரும் மகனுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். "இனித் துலைச்சுப் போடாதேங்கோ."